பக்கத்தில் நின்றவர்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

1983 ஏப்ரல் முதல் 1985 ஜூலை வரை மகளிர் டென்னிஸில் ஓர் இரட்டையர் ஜோடி தோற்கவே இல்லை. தொடர்ந்து 109 வெற்றிகள். ஒருவர் மார்ட்டினா நவரத்திலோவா. அவரைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் பேச வந்தது அவர் பக்கத்தில் நின்ற பாம் ஷ்ரைவரைப் பற்றி. மார்ட்டினா கூட இருந்தால் யார்தான் ஜெயிக்கமாட்டார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அது பெரிய அநியாயம் என்பது என் எண்ணம்.

ஷ்ரைவர் அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தவர். 1978 அமெரிக்க ஓபனில் அவருக்கு வயது 16. தொழில்முறை ஆட்டக்காரராகக்கூட ஆகியிருக்கவில்லை. வழக்கத்தைவிடப் பெரிய தலை கொண்ட பிரின்ஸ் மட்டையோடு வந்த அந்த நெட்டையான பெண், அந்த ஆண்டு விம்பிள்டன் சாம்பியனான மார்ட்டினாவையே அரையிறுதியில் வீழ்த்தினார். இரண்டு செட்டும் 7-6. இறுதியில் கிறிஸ் எவர்ட்டிடம் 5-7, 4-6 என்று தோற்றார். அப்புறம் ஒற்றையரில் எட்டு கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) அரையிறுதிகள், எட்டிலும் தோல்வி. தரவரிசையில் மூன்றாம் இடம்வரை போனவர் இவர், அதையும் மறந்துவிடக் கூடாது.

சரி, இரட்டையருக்கு வருவோம். ஒற்றையரில் ஆடுகளத்தின் அகலம் 27 அடி, இரட்டையரில் 36 அடி. ஆளுக்குப் பதினெட்டு அடிதானே, வேலை குறைவு என்று தோன்றும். ஆனால் இருவருக்கும் நடுவே வரும் பந்து யாருடையது? ஒரு நொடிகூடக் கிடைக்காது. ஒருவர் குறுக்கே பாய்ந்தால், விட்டுவந்த இடத்தை மற்றவர் சொல்லாமலே போய் அடைக்க வேண்டும். சர்வீஸ் போட்ட கையோடு வலையை நோக்கி ஓடி, பந்து தரையில் படும் முன்பே வாலி அடிப்பதுதான் ஷ்ரைவரின் ஆட்டம். அவருடைய உயரத்தைத் தாண்டி லாப் தூக்குவது, அதாவது பந்தைத் தலைக்கு மேலே பறக்கவிடுவது, எதிரணிக்கு லேசான காரியம் அல்ல.

இந்த ஜோடியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 1982 விம்பிள்டனில் இருவரும் சேர்ந்து கோப்பையைத் தூக்கினார்கள். அடுத்த அமெரிக்க ஓபனில் ஒற்றையர் காலிறுதியில் எதிரெதிரே நின்றார்கள். மார்ட்டினா யாரிடமும் தோற்காத காலம் என்றே சொல்லலாம். முதல் செட்டை 1-6 என்று இழந்த ஷ்ரைவர், அடுத்த இரண்டையும் வென்று தோழியை வெளியேற்றினார். அதன் பிறகும் ஜோடி பிரியவில்லை. 1984இல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இரட்டையர் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார்கள். அந்த 109 வெற்றிகளுக்கு 1985 விம்பிள்டன் இறுதியில் கேத்தி ஜோர்டனும் லிஸ் ஸ்மைலியும் முற்றுப்புள்ளி வைத்தார்கள். மறு ஆண்டே அதே கோப்பையை மார்ட்டினாவும் ஷ்ரைவரும் திரும்பப் பெற்றார்கள்.

மார்ட்டினா வென்ற மகளிர் இரட்டையர் கிராண்ட்ஸ்லாம்கள் மொத்தம் 31. அதில் 20 ஷ்ரைவரோடு. யார் நின்றாலும் ஒன்றுதான் என்றால் இந்தக் கணக்கு எப்படி வரும்?

மார்ட்டினா இல்லாமல் ஷ்ரைவர் ஆடியதையும் பாருங்கள். 1987இல் எமிலியோ சான்செஸுடன் பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையர் பட்டம். 1991இல் நடாஷா ஸ்வெரேவாவுடன் அமெரிக்க ஓபன். நடுவில் 1988, சியோல் ஒலிம்பிக். 1924க்குப் பிறகு டென்னிஸ் மறுபடி பதக்க விளையாட்டாக வந்த ஆண்டு. ஜீனா காரிசனோடு ஆடிய ஷ்ரைவர், இறுதியில் யானா நோவோட்னா - ஹெலனா சுகோவா ஜோடியிடம் முதல் செட்டை இழந்தார். இரண்டாவதை எடுத்தார்கள். மூன்றாவது செட் 10-8 வரை நீண்டது. தங்கம் அமெரிக்காவுக்கு.

2002இல் டென்னிஸின் புகழ்மிக்கோர் அரங்கில் அவர் பெயர் சேர்ந்தது. ஆனால் 2022இல் அவர் செய்ததை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். 17 வயதில், தன்னைவிட மிகவும் மூத்த பயிற்சியாளரோடு தொடங்கிய உறவு முறையற்றது, தன்னைப் பாதித்தது என்று பகிரங்கமாகச் சொன்னார். இளம் வீராங்கனைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் மனதில் சுமந்ததை வெளியே சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

பிறகு அவரே பயிற்சியாளரானார். 2024 விம்பிள்டனில் குரோஷியாவின் டோனா வெகிச் முதல்முறையாக கிராண்ட்ஸ்லாம் அரையிறுதிக்கு வந்தபோது, அவருடைய பயிற்சிக் குழுவில் ஷ்ரைவரும் இருந்தார்.