சட்டைப் பாக்கெட் எந்தப் பக்கம்?

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். புத்தகம் போட்ட அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். எழுதியதைப் பற்றிப் பேசுவது சுலபம். போட்டதைப் பற்றிப் பேசினால் கொஞ்சம் வெட்கப்பட வேண்டியிருக்கும். பரவாயில்லை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எல்லாரும் நம் ஆட்கள்தானே.

என் அப்பா இதே ஊரில் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவரோடு வேலை பார்த்தவர்களிடம் நான்கு வருடம் போய்ப் போய்க் கேட்டு எழுதியதுதான் அந்தப் புத்தகம். கதை எழுதுகிறவருக்கு இல்லாத தொல்லை ஒன்று இதில் உண்டு. சொன்னது நடந்ததா என்று பார்க்க வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில், 1945-இல், பட்டறைமேல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. அதை ஒரு பெரியவர் “தைப்பூசம் முடிஞ்சு ரெண்டு மூணு வாரம்” என்றார். இன்னொருவர் “பங்குனி பொறக்கிற நேரம்” என்று அடித்துச் சொன்னார். யாரோ ஒருவருக்கு மறதி என்று முடிவுகட்டியிருந்தேன். பதிவுகளைப் பார்த்தால் பிப்ரவரியில் ஒரு தடவை, மார்ச்சில் ஒரு தடவை விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு வயதானவர்கள் பேச்சில் குறுக்கே விழுவதை விட்டுவிட்டேன்.

பதிப்பாளர் யாரும் கிடைக்கவில்லை. நம் மலேசியாவில் தமிழில் எழுதுகிற பலரும் செய்வதையே நானும் செய்தேன். சொந்தக் காசு, 500 பிரதி. புத்தகத்துக்கு அடையாளமாகப் போடும் ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தேசிய நூலகம் இலவசமாகவே தருகிறது. அந்தத் தைரியத்தில் நானே பதிப்பாளர் ஆகிவிட்டேன். எழுத்துரு மாற்றியதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடிய கதையை இங்கே விட்டுவிடுகிறேன். அட்டைக்காக மூன்று வாரம் அலைந்தேன். அச்சுக்கு முன் பிழை திருத்த, அதாவது மெய்ப்புப் பார்க்க, ஒதுக்கியது இரண்டு ராத்திரி.

வெளியீட்டு விழாவில் ஒரு குறையும் இல்லை. பிரமுகர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார், மாலை, பொன்னாடை, அப்புறம் உறையில் பணம் வைத்துக் கொடுத்துப் புத்தகம் வாங்க வரிசை. அந்த உறைகள் இல்லையென்றால் அச்சகக் கடன் அடைந்திருக்காது, அதனால் கேலி செய்ய மாட்டேன். ஆனால் மேடையில் பேசிய ஐந்து பேரில் ஒருவரும் புத்தகத்தைத் திறந்ததாகத் தெரியவில்லை.

திறந்து பார்த்தவர் ஒரு பாட்டி. எட்டாம் நாள் போன் வந்தது. “தம்பி, 63ஆம் பக்கத்துப் படத்துல எங்க வீட்டுக்காரர் சட்டைப் பாக்கெட் வலது பக்கமா இருக்கே?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். பட்டறை வாசலில் பதினோரு பேர் நிற்கும் படம். எல்லாருக்கும் பாக்கெட் வலது பக்கம்! பக்கம் அமைத்தவர் படத்தைக் கண்ணாடி பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டுவிட்டார். கீழே நான் ‘இடமிருந்து வலமாக’ என்று பெயர்களை வரிசையாகக் கொடுத்திருக்கிறேன். பத்துக் குடும்பத்துக்கு வேறு வேறு அப்பா. நடுவில் நின்ற ஒருவர் மட்டும் தப்பித்தார். அவர் என் அப்பா. மெய்ப்புப் பார்த்த ராத்திரி நான் அந்த ஒரு முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன்.

திருத்தச் சீட்டு அச்சடித்தோம். மீதியிருந்த பிரதிகளில் வீட்டிலே எல்லாரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒட்டினோம். விற்றுப்போனவற்றுக்கு நான் வீடு வீடாகப் போனேன். திட்டுவார்கள் என்றுதான் போனேன். “பசியாறிட்டுப் போங்க” என்று உட்காரவைத்து, அலமாரியிலிருந்து பழைய படங்களை எடுத்துக் காட்டினார்கள். இரண்டாம் பதிப்பில் பாதி அப்படிச் சேர்ந்ததுதான். இந்தத் தடவை அச்சுக்குப் போகும் முன் படங்களை முதலில் அந்தப் பாட்டியிடம் காட்டினேன். இன்னும் இரண்டு தப்புக் கண்டுபிடித்தார்.

ஒன்றைத்தான் சரிசெய்ய முடியவில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சான புத்தகத்தில் ஐந்து பிரதி தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒரு மாதக் கெடு உண்டு. நான் நல்ல பிள்ளையாக முதல் வாரமே கொடுத்துவிட்டேன். ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் அந்த நூலகத்தில், அந்த ஐந்து பிரதிகளிலும் பத்துப் பேர் இடம் மாறியே நிற்கிறார்கள்.

சரி, இங்கே யாராவது முதல் பதிப்பு வைத்திருந்தால் கூட்டம் முடிந்ததும் வாருங்கள். சீட்டு பையில் இருக்கிறது. பசையும் கொண்டுவந்திருக்கிறேன்.