எக்ஸ்எல்ஆர் பிளக்கோட 3-ஆம் பின்னை எந்தப் பக்கம் கிரவுண்ட் பண்ணணும்?

வணக்கம் நண்பர்களே. இந்தப் பக்கம் டெஸ்ட் டோன் கொடுக்குற சிக்னல் ஜெனரேட்டர், பிஎன்சி அவுட்புட், அதாவது நடுவுல ஒரு பின்னும் சுத்தி ஒரு வளையமும் இருக்குற சாக்கெட். அந்தப் பக்கம் மிக்சரோட எக்ஸ்எல்ஆர் இன்புட், அதாவது 1, 2, 3-னு மூணு பின்னுக்கான சாக்கெட். பல பேர் சிங்கிள் கோர் ஷீல்டு ஒயரை எடுத்து, எக்ஸ்எல்ஆர் பிளக்குக்குள்ளயே 1-ஐயும் 3-ஐயும் ஷார்ட் பண்ணிடுறாங்க. டோன் வந்துடும். ஆனா ஹம்மும், அதாவது 'ம்ம்'னு கேக்குற கரண்ட் இரைச்சலும், சேர்ந்தே வரும்.

ஏன்னா ரெண்டு பெட்டியோட எர்த்துக்கும் நடுவுல கொஞ்சம் வோல்டேஜ் இருக்கத்தான் செய்யும். அது ஷீல்டுல கரண்ட்டை ஓட்டும். அந்த ஷீல்டே சிக்னலுக்கும் ரிட்டர்னா இருந்தா, அதுல விழுற வோல்டேஜ் அப்படியே சிக்னலோட கூடிடும்.

அதனால ரெண்டு கோர் மைக் கேபிள் எடுங்க. கிட்டத்துல காட்டுறேன், பாருங்க. சிவப்பு, பிஎன்சி நடு பின்னுலேருந்து 2-க்கு. கருப்பு, பிஎன்சி வெளி வளையத்துலேருந்து 3-க்கு. ஷீல்டும் அதே வளையத்துலேருந்துதான், ஆனா 1-க்கு. கருப்பும் ஷீல்டும் ஜெனரேட்டர் பக்கம் மட்டும்தான் சேருது, மிக்சர் பக்கம் சேரவே கூடாது. இப்ப அந்த ஹம் 2-லயும் 3-லயும் ஒண்ணாவே ஏறி இறங்கும். இன்புட் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்குறதால அது அடிபட்டுப் போகும்.

இன்னும் சுத்தமா வேணும்னா, ஜெனரேட்டர் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஏசி சிக்னலுக்கு உள்ள தடை) எவ்வளவோ, 50 ஓமோ 600 ஓமோ, அதே மதிப்புல ஒரு ரெசிஸ்டரை ஜெனரேட்டர் பக்கமே கருப்பு ஒயர்ல சீரீஸா போடுங்க. 3-ல தலைகீழ் சிக்னல் இருந்தாத்தான் பேலன்ஸ்டு, அதாவது ஹம்மை அடிச்சிடுற ரெண்டு கோர் இணைப்புன்னு நினைக்க வேண்டாம். ரெண்டு கோரோட இம்பீடன்ஸும் சமமா இருக்கணும், ஹம்மை ஒழிக்கிறது அதுதான். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்.

பிளக் போடுறதுக்கு முன்னாடி மைக்குக்காக மிக்சர் இதே பின்கள் வழியா அனுப்புற 48 வோல்ட் பேன்டம் பவர் ஆஃப்ல இருக்கான்னு பாத்துக்கோங்க.

அப்புறம் லெவல். 50 ஓம் ஜெனரேட்டர் பல நேரம் 50 ஓம் லோடுன்னு கணக்குப் போட்டுத்தான் டிஸ்ப்ளேல வோல்டேஜ் காட்டும். மிக்சர் லைன் இன்புட்டோ சாதாரணமா 10 கிலோ ஓமும் அதுக்கு மேலயும் இருக்கும். அதனால ரெண்டு மடங்கு, அதாவது 6 டிபி கூடுதலாப் போகும். ஜெனரேட்டர் மெனுல லோடை ஹை-இசட், அதாவது அதிக இம்பீடன்ஸ்னு மாத்திடுங்க. ஸ்டுடியோ லைன் லெவலான +4 டிபியுன்னா 1.23 வோல்ட் ஆர்எம்எஸ். சைன் வேவா இருந்தா ஸ்கோப்ல பீக் டு பீக் 3.47 வோல்ட் தெரியணும்.

போன்லேருந்து டோன் எடுக்குறவங்க, ஸ்டீரியோ ஒயரை நேரா பேலன்ஸ்டு டிஆர்எஸ் (டிப், ரிங், ஸ்லீவ்னு மூணு தொடர்பு உள்ள) இன்புட்ல சொருகாதீங்க. லெஃப்ட்லயும் ரைட்லயும் ஒரே டோன்தானே, ஒண்ணை ஒண்ணு கழிச்சு மீட்டர் அசையவே அசையாது. எக்ஸ்எல்ஆர்ல லெஃப்டை 2-க்குக் கொடுங்க, ஸ்லீவை (போன் பிளக்கோட கிரவுண்டை) 3-க்கு, ரைட்டை எதுலயும் சேக்காம விட்டுடுங்க.