எல்லாம் வெளிநாட்டுப் பறவைகளா?

பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையை முந்திப் பிடித்துவிட்ட பிள்ளைகளே!

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் 'வெளிநாட்டுப் பறவை பார்த்தோம்' என்கிறார்கள். எது என்று விசாரித்தால், ஊருக்குள் வேப்பமரத்தில் கூடு கட்டியிருந்த மஞ்சள்மூக்கு நாரையைச் சொல்வார்கள். ஐயா, அது நம் நாட்டுப் பறவை! மழையையும் மீனையும் தேடி உள்நாட்டிலேயே இடம் மாறுகிறது. கூழைக்கடாவும் அப்படித்தான்.

உண்மையான விருந்தாளி வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். மங்கோலியா, திபெத் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்து, இமயத்தைத் தாண்டி வருகிறது. அது 7,000 மீட்டருக்கு மேல் பறந்ததைக் கருவி பொருத்தி அளந்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு இங்கே கிடைப்பதில் பாதிகூடத் தேறாது. இருக்கிற கொஞ்சத்தையும் இறுகப் பற்றிக்கொள்ளும் இரத்தம் அதற்கு. குளிருக்குப் பயந்து ஓடிவருகிறது என்பது அரைகுறைப் பேச்சு. மேய்ச்சல் நிலத்தைப் பனி மூடிவிடுகிறது; வயிறுதான் துரத்துகிறது.

நம் கடற்கரைக்குக் குளிர்காலத்தில் வரும் பழுப்புத்தலைக் கடற்காக்கையின் கதை இன்னும் வேடிக்கை. பெயர்தான் கடற்காக்கை, பிறப்பதோ கடலே கண்ணில் படாத மத்திய ஆசியப் பீடபூமி ஏரிகளில்!

யார் எந்த ஊராக இருந்தால் என்ன என்கிறீர்களா? விருந்தாளிக்கு இரையும் ஓய்வும் போதும். பங்குனி வாக்கில் கிளம்பிவிடும். கூடு கட்டும் நாரைக்கு அது போதாது. அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம். அதுவரை குளத்தில் மீன் வேண்டும். மீனுக்கு மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து நிற்க வேண்டும். கூந்தன்குளம் 1994இல் சரணாலயம் ஆயிற்று, 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மகிழ்ச்சி. ஆனால் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கால்வாயில் தண்ணீர் ஓடிவராது.

பறவைகள் மிரளும் என்று ஊரார் தீபாவளிக்கு வெடி போடாததைப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டே இருக்கின்றன. நான் எழுதுவதானால், எச்சம் கரைந்த அந்தக் குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரமாவதையும் எழுதுவேன்.

தை, மாசியில் போய்ப் பாருங்கள். கூட்டின் அடியில் நின்று கைதட்ட மட்டும் வேண்டாம். தாய்ப்பறவை எழுந்துவிட்டால் குஞ்சுகள் வெயிலில் வதங்கும். காக்கை முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.