ஐப்பசியில் வந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழனி மலையின் கீழ்ச்சரிவில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், அவரவர் விருப்பத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பது என் தொழில். காப்பித் தோட்டத்தில் ஓர் ஓரம், சில்வர் ஓக் நிழல், எதிரே பள்ளத்தாக்கு. இடம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் சித்திரை, வைகாசியில்தான் வருவார்கள். மதுரையில் வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில் இங்கே அரைமணி நேரம் நின்றால் யாருக்கும் முன்பணம் கொடுக்கத்தான் தோன்றும். நானும் வியாபாரிதான், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டவன்தான். இப்போது மட்டும், ஐப்பசி மழையில் ஒரு தடவை வந்து பாருங்கள், பிறகு பேசலாம் என்கிறேன்.

இப்படிச் சொல்ல வைத்தது நான் கட்டிய இரண்டாவது வீடு. சரிவின் மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணையே கீழ்ப்பக்கம் கொட்டி மட்டம் பண்ணினோம். ஜேசிபிக்காரர் ஒரே நாளில் முடித்தார். எனக்கு அதில் பெருமை வேறு. வீட்டில் பாதி கெட்டி மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நின்றது. இரண்டாவது மழைக்காலத்தில், கூடத்துச் சுவரில் தரையிலிருந்து லிண்டல் வரை, அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே போகும் விட்டம் வரை, விரல் நுழைகிற விரிசல். கொட்டிய மண் அமர்ந்துவிட்டது. கீழே கருங்கல்லில் தாங்குசுவர் எழுப்பியிருந்தேன், ஆனால் தண்ணீர் வடிய அதில் துளை விடவில்லை. பின்னால் ஊறிய மண் தள்ளியதில் சுவர் வயிறு தள்ளி நின்றது. வீட்டுக்காரர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. கைக்காசைப் போட்டுச் சரிசெய்தேன்.

அன்றிலிருந்து சரிவை வெட்டுவதைக் குறைத்து, வீட்டையே படிப்படியாக ஏற்றுகிறேன். கூடம் ஒரு மட்டம், படுக்கையறை மூன்றடி மேலே. முட்டிவலிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அதுவும் நியாயம்தான்.

மரத்தைப் பற்றிக் கேட்பார்கள். "என் பட்டா நிலம், என் மரம், வெட்டினால் என்ன?" மலைப்பகுதிகளுக்கென்று 1955ஆம் ஆண்டிலேயே மரப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. பட்டா நிலத்து மரமானாலும் அனுமதி வாங்கித்தான் கோடாலியைத் தொட வேண்டும். தனியார் காடு என்று வகைப்பட்ட நிலமென்றால், 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான குழுவின் ஒப்புதல் இல்லாமல் விற்கவே முடியாது. அதனால் வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்பதோடு நிற்காதீர்கள். அ-பதிவேட்டில், அதாவது கிராமத்து நிலக் கணக்கில், அந்தப் புல எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது, அரசு நிபந்தனை போட்டுக் கொடுத்த நிபந்தனைப் பட்டாவா, நிலத்தின் அளவை வரைபடமான புலப்படத்தில் ஓடை குறுக்கே போகிறதா என்று பாருங்கள். கோடையில் அந்த ஓடை வெறும் சருகுப் பள்ளம், கண்ணுக்கே படாது.

அதே சமயம், மரத்தை வெட்டாமல் விடுவதென்றால், அதைவிட்டு வீட்டைத் தள்ளிக் கட்டவும் தெரிய வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கம் வந்துபோன பிறகு, சில்வர் ஓக் ஒன்றின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளித்தான் வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டுகிறேன்; மரம் சாய்ந்தாலும் வீட்டின் மேல் விழாது. ஜல்லி, மணல், செங்கல் எல்லாம் வத்தலக்குண்டிலிருந்து மலையேற வேண்டும், கடைசி இருநூறு அடிக்குத் தலைச்சுமை. கீழே கட்டிய கணக்கை வைத்துக்கொண்டு என்னிடம் பேரம் பேசாதீர்கள். வேலிக்கு வருடா வருடம் செலவு உண்டு. காட்டுமாடு ஒன்று முதுகு சொறிந்துவிட்டுப் போனாலே கல்தூண் சாய்ந்துவிடும்.

சென்ற வருடம் சென்னையிலிருந்து பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதி வந்தார்கள். நான் கேட்டுக்கொண்டபடியே ஐப்பசியில், கொட்டுகிற மழையில் வந்தார்கள். சாருக்கு ஒரே ஆசை, கூடத்து ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரிய வேண்டும். அதற்குத் தோதான இடத்தில் நாலு முளை அடித்து, கயிறு கட்டி வைத்திருந்தேன். தோட்டத்துக் காவல்காரப் பெரியவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, காலில் ஏறிய அட்டையைச் சுண்ணாம்பு தடவி உதிர்த்தபடியே சொன்னார்: "சேம்பு தன்னால முளைச்சுக் கெடக்கு பாருங்க தம்பி. அடியில ஊத்து ஓடுது. இங்கயா வானம் தோண்டப் போறீக?"

கடப்பாறையால் ஒன்றரை அடி குத்திப் பார்த்தேன். குழியில் தண்ணீர் ஊறி வந்தது. மழைத் தண்ணீர்தானே என்றார் சார். இறைத்துவிட்டோம், மறுபடி ஊறியது. அவர் எதுவும் பேசவில்லை. அந்தம்மாதான் குடையை மடக்கி முளைகளைப் பிடுங்கச் சொன்னார்.

முளைகளை நாற்பதடி மேலே நகர்த்தினோம். அங்கே கூடத்துக்கு எதிரே பலாமரம் மறைக்கிறது, அதை வெட்டவும் முடியாது. பள்ளத்தாக்கு இப்போது அடுப்படி ஜன்னலில்தான் தெரிகிறது. காலைக் காப்பியைச் சாரே போடுகிறாராம். நன்றி, வணக்கம்.