தை மாதத்துக் குடை

(காரைக்குடியில் பொங்கலை ஒட்டி நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆச்சிமார்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. வெள்ளையடிப்பு, பரண் துடைப்பு என்று வீட்டில் வேலை குவிந்து கிடக்கும்போது அதையெல்லாம் விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உரிமைப் போராட்ட வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் வரலாறு நடத்தியவள் நான். தேர்வுக்காகப் படித்த ஆண்டுகளைப் பிள்ளைகள் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுவார்கள். அதில் அவர்கள்மேல் குற்றமில்லை. எனக்கே மறக்காமல் நிற்பது எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தா சொன்ன வரலாறுதான். அதை அவர் சொன்ன நாள் தைப்பொங்கல்.

எங்கள் ஊர் தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பொங்கலன்று பானை பொங்கி, குலவையிட்டு, சாமி கும்பிட்ட பிறகு அப்பத்தா எங்களை வரிசையாக நிறுத்துவார். பையன்களுக்குச் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை தாமே போட்டுவிடுவார். எங்களுக்குத் தலை பின்னி, கனகாம்பரம் வைத்துவிடுவார். செருப்பு போட்டாயிற்றா என்று காலைக் குனிந்து பார்ப்பார். அதற்குப் பிறகு பரணிலிருந்து ஒரு கறுப்புக் குடையை இறக்கி விரித்து, ஒவ்வொருவர் கையிலும் முறைவைத்துக் கொடுப்பார். "பெரிய தெரு முனைவரை நடந்துவிட்டு வா. மெதுவாக நட. ஓடாதே" என்பார். தை மாதத்துக் காலை. மழையும் இல்லை, சுடுகிற வெயிலும் இல்லை. எனக்கு எட்டு வயது இருக்கும். தெருவில் எல்லோரும் பார்க்கிறார்களே என்று கூச்சமாக இருந்தது. "மழையே இல்லையே அப்பத்தா, எதற்குக் குடை?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். அந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அவருடைய அப்பா இலங்கைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர். கொழும்பில் ஒரு குடை வாங்கி வந்தார். சட்டை போட்டுக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு ஊருக்குள் நடந்தார். தெரு முனையில் மறித்தார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். குடையைப் பிடுங்கிக் கம்பிகளை ஒவ்வொன்றாக ஒடித்தார்கள். பிடியை மட்டும் அவர் குனிந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்போது பன்னிரண்டு வயதுப் பெண்ணாக இருந்த அப்பத்தா திண்ணையிலிருந்து அதைப் பார்த்திருக்கிறார். எங்கள் கையில் கொடுத்த குடையில் துணி புதிது, கம்பி புதிது. அந்த மரப்பிடி மட்டும் பழையது. பல்லி வால்போல் வளைந்து, கைபட்டுக் கைபட்டு வழவழவென்று இருக்கும்.

நான் ஆசிரியையான பிறகு ஒருநாள், 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் சாதியைப் பற்றி எழுதிய நூலைப் படித்தேன். நம் பகுதி அன்று இராமநாதபுரம் மாவட்டம். 1930 டிசம்பரில் இந்த மாவட்டத்து ஆதிதிராவிட மக்கள்மீது ஆதிக்கச் சாதியார் விதித்த எட்டுத் தடைகள் அதில் வரிசையாக இருந்தன. பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மார்பை ரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது. மறு ஆண்டில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகளைப் படிக்க வைக்கக் கூடாது, மாடு மேய்க்கத்தான் அனுப்ப வேண்டும் என்பதும் அவற்றில் அடங்கும்.

புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பொத்தான், பூ, செருப்பு, குடை. அப்பத்தா அந்தப் பட்டியலைப் படித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் அதில் ஒவ்வொரு வரியாக எங்கள் உடம்பில் வைத்து அழித்துக்கொண்டிருந்தார்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். பண்டிகை நாளில் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், பெரியவர்களும் இருக்கிறார்கள், புதுத்துணியும் பானையும் கையில் இருக்கிறது. கேள்வி கேட்பதற்கு அதைவிட நல்ல நாள் இல்லை. பண்டிகைக்கு நினைவைத் தாங்கும் வலிமை உண்டு என்பதை இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நகரத்தார் வீடுகளின் பிள்ளையார் நோன்பைப் பாருங்கள். திருக்கார்த்திகை முடிந்து இருபத்தொரு நாள். புது வேட்டியிலிருந்து நூலெடுத்து இருபத்தொரு இழைத் திரியாக்கி, இழை மாவு என்னும் இனிப்பு மாவில் வைத்துச் சுடரேற்றி, வீட்டுப் பெரியவர் கையால் கொடுக்க, பிள்ளைகள் சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறார்கள். என்னோடு பணியாற்றிய ஆச்சி ஒருவர் இந்த மார்கழியில் தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். இழை எடுக்கப் பயந்து நின்ற ஐந்து வயதுப் பேரனிடம், கடலுக்குப் போன முன்னோர் திசை தெரியாமல் தவித்த கதையை அவர் சொன்னார். பையன் வாயைத் திறந்தான். பர்மாவுக்குப் போனாலும் மலேயாவுக்குப் போனாலும் விடாமல் காத்த வழக்கம் இது. கடலில் தவித்ததை இத்தனை தலைமுறைக்குச் சொல்ல முடிந்த நமக்கு, தெருவில் தடுக்கப்பட்டதைச் சொல்ல முடியாதா?

உங்களில் பலருடைய பேரப்பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பொங்கலை ஒட்டி, ஜனவரி மூன்றாவது திங்கட்கிழமை அங்கே, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் நாள், அரசு விடுமுறை. 1983இல் சட்டமாகி 1986இலிருந்து கொண்டாடுகிறார்கள். இந்த முறை பொங்கலுக்கு வீடியோவில் பேசும்போது, அந்த விடுமுறை எதற்கென்று அவர்களிடம் கேளுங்கள். அங்குள்ள கறுப்பின மக்களின் தேவாலயங்களில் டிசம்பர் 31 இரவு கண்விழிக்கும் வழக்கம் இருக்கிறது. 1862இல் அதே இரவில், விடிந்தால் அடிமைத்தளை அறுக்கும் லிங்கனின் பிரகடனம் நடைமுறைக்கு வரும் என்று காத்திருந்தவர்களின் நினைவு அது. யூதர்கள் பாஸ்கா விருந்தில், இந்த இரவு மட்டும் ஏன் வேறாக இருக்கிறது என்று வீட்டின் கடைக்குட்டியைக் கேட்கவைத்த பிறகுதான் எகிப்தில் அடிமைப்பட்டிருந்த கதையைத் தொடங்குவார்கள். கிங் கொல்லப்பட்டு ஓராண்டு நிறைந்த 1969 ஏப்ரல் 4 அன்று, வாஷிங்டனில் ஒரு கறுப்பின தேவாலயத்தில் யூதர்களும் கறுப்பின மக்களும் சேர்ந்து அந்த விருந்தை நடத்தினார்கள். ஒருவர் கதையை மற்றவர் பந்தியில் வைத்துச் சொன்னார்கள்.

கிங் 1959இல் இந்தியாவுக்கு வந்தார். திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட மாணவர்கள் படித்த பள்ளியில் தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் அதிர்ச்சியாக இருந்தது. பிறகு, ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று தமக்குள் ஒப்புக்கொண்டதாக 1965இல் தம் தேவாலயத்தில் பேசும்போது சொன்னார். அவருடைய கதையும் என் கொள்ளுத்தாத்தாவின் குடையும் ஒரே பந்தியில் உட்காரக் கூடியவை.

நம் வீட்டுப் பயணங்களிலும் இது முடியும். தை மூன்றாம் நாள் மஞ்சுவிரட்டு பார்க்கச் சிராவயலுக்குப் போகிறீர்கள். அங்கே தீண்டாமையை எதிர்த்த இளைஞர் ஜீவானந்தம் ஆசிரமம் நடத்தினார், 1927இல் காந்தியடிகள் வந்து அவரைப் பார்த்தார் என்று காளை வருவதற்குள் சொல்லிவிடலாம். மதுரைக்குப் போனால் பொற்றாமரைக் குளப்படியில் உட்கார்ந்து, 1939 ஜூலை 8ஆம் நாள் அதுவரை உள்ளே விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டோரை வைத்தியநாத ஐயர் இந்தக் கோயிலுக்குள் அழைத்து வந்ததைச் சொல்லுங்கள். தேவகோட்டைக்குப் பக்கத்தில் உள்ள கண்டதேவிக் கோயில் தேரைப் பற்றியும் சொல்லுங்கள். எல்லாச் சாதியாரும் வடம் பிடிக்க வேண்டும் என்ற வழக்கு 1998இலிருந்து நீண்டது. பல ஆண்டுகள் நிலையிலேயே நின்ற தேர் 2024 ஆனியில் போலீஸ் காவலோடு ஓடியது. அதைப் பார்த்த பிள்ளை, எதற்கு இத்தனை போலீஸ் என்று கேட்கும். "கூட்டம் அதிகம்" என்று பொய் சொல்லாதீர்கள்.

தடுக்கப்பட்டவர் வீட்டில் கதையைச் சொல்வது கடினம். தடுத்தவர் வீட்டில் அது இன்னும் கடினம் என்பதை அறிவேன். ஒரு பொங்கல் விடுமுறைக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் மூத்தவரிடம் போய், உங்கள் சின்ன வயதில் இந்த ஊரில் யாருக்கு எது கூடாது என்றிருந்தது என்று கேட்டு எழுதிவரச் சொன்னேன். சிலர் பக்கம் பக்கமாக எழுதிவந்தார்கள். ஒரு பையன் இரண்டே வரிகள் எழுதியிருந்தான்: "எங்கள் ஐயா பதில் சொல்லவில்லை. எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார்." அவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன். அந்தப் பெரியவரை நான் பழிக்கவில்லை. ஆனால் அவர் தொழுவத்திலிருந்து திரும்பி வந்து பேரன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். நாங்கள் அப்படி நடந்தோம், அது தவறு என்று அவர் வாயால் கேட்டிருந்தால், நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் நடத்திய பாடத்தைவிட அது அவனுக்கு ஆழமாகப் பதிந்திருக்கும்.

சின்னப் பிள்ளைகள் பயந்துவிடுவார்களே என்று கேட்கிறார்கள். அடித்ததை, கொன்றதை ஐந்து வயதில் சொல்ல வேண்டாம். குடையைக் கையில் கொடுங்கள், போதும். மீதியை அவர்கள் வயதுக்கேற்பக் கேட்டுக்கொண்டே வருவார்கள்.

போன பொங்கலுக்குச் சென்னையிலிருந்து என் பேத்தி வந்திருந்தாள். ஒன்பது வயது. குடையை விரித்துக்கொண்டு தெரு முனைவரை போய்த் திரும்பினாள். "ஊருணிக்கரை வரை போகட்டுமா அப்பத்தா?" என்றாள். அந்த ஊருணியில் என் அப்பத்தா இறங்கித் தண்ணீர் எடுத்ததில்லை. கரையில் குடத்தை வைத்துவிட்டு, யாராவது ஊற்றமாட்டார்களா என்று நின்றவர். அதைப் பேத்திக்கு நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. நானும் கூடப் போனேன். குடிதண்ணீர் ஊருணி என்பதால் அவளாகவே செருப்பைக் கரையில் கழற்றி வைத்தாள். குடையை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கினாள். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டு, "இனிக்கிறது அப்பத்தா, உங்களுக்கும் வேண்டுமா?" என்று கேட்டாள்.