வேலிக்கு அப்பால்தான் உரைகல்

நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி அன்பர்களே, நத்தார்க் கால மழையையும் பாராமல் மண்டபம் நிறைய வந்திருக்கும் திருகோணமலை மக்களே, வணக்கம்.

'கிறிஸ்தவ வாழ்வில் தன்னலமற்ற அன்பின் உரைகல் வீட்டுக்குள்ளேயா, வேலிக்கு அப்பாலா?' என்பது தலைப்பு. வேலிக்கு அப்பால்தான் என்பது எங்கள் அணி. எனக்கு முன் கதைத்த எதிரணி ரீச்சர், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பராமரிக்கும் மருமகளைக் காட்டினார். மண்டபத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தீர்கள். துடைத்தவர்களில் மாமியார்கள்தான் கூட, அதையும் கவனித்தேன்.

அந்த மருமகளை நான் குறைத்துப் பேச வரவில்லை. நடுச்சாமத்தில் எழும்பிப் படுக்கை விரிப்பு மாற்றுகிறவளுக்கு முன்னால் என் வாய்ப்பேச்சு எம்மாத்திரம்? ஆனால் ஐயா, இங்கே கேள்வி அன்பு உண்டா இல்லையா என்பதல்ல. அந்த அன்பில் 'நான்' எவ்வளவு கலந்திருக்கிறது என்பது. என் மாமி, என் பிள்ளை, என் வீட்டு மானம். கவனிக்காமல் விட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் அங்கே சேர்ந்து வேலை செய்கிறது. நல்ல வேலைதான் செய்கிறது. ஆனால் எவ்வளவு அன்பு, எவ்வளவு பயம் என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

ரீச்சர் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தை வாசித்தார். தன் வீட்டாரை விசாரியாதவன் 'அவிசுவாசியிலும் கெட்டவன்' என்று பவுல் சொல்கிறார். உண்மை. ஆனால் அந்த வசனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். வீட்டாரைப் பார்க்காதவன் அவிசுவாசியைவிடக் கெட்டவன் என்றால், அவிசுவாசியும் தன் வீட்டாரைப் பார்க்கிறான் என்றுதானே அர்த்தம்? அப்படியென்றால் இது சாதாரணதரப் பரீட்சையில் சித்தியடையத் தேவையான 35 புள்ளி மாதிரி. எடுக்காவிட்டால் வெட்கம். எடுத்ததற்காக யாரும் மேடையில் கூப்பிட்டுப் பரிசு கொடுப்பதில்லை.

இயேசு இதையே லூக்கா 6ஆம் அதிகாரத்தில் கேட்கிறார்: 'உங்களைச் சிநேகிக்கிறவர்களையே நீங்கள் சிநேகித்தால், உங்களுக்குப் பலன் என்ன?' 14ஆம் அதிகாரத்தில் இன்னும் ஒரு படி போய், விருந்து வைத்தால் சினேகிதரையும் உறவினரையும் வசதியான அயலாரையும் அழைக்காதே என்கிறார். காரணம் என்ன? அவர்கள் திருப்பி அழைத்துவிடுவார்கள்! ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் கூப்பிடு, பதில் செய்ய அவர்களிடம் ஒன்றுமில்லை என்கிறார்.

இந்த இடத்தில் நாங்கள் எல்லாருமே கொஞ்சம் நெளிய வேண்டும். கலியாண வீட்டில் யார் எவ்வளவு கவர் தந்தார்கள் என்று கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வைக்கிற சனம் நாங்கள். நத்தாருக்கு நாங்கள் அனுப்பும் கேக் தட்டு பொங்கலுக்கு ஒரு வீட்டிலிருந்தும், நோன்புப் பெருநாளைக்கு வட்டிலப்பத்தோடு இன்னொரு வீட்டிலிருந்தும் திரும்பி வருகிறது. தட்டு வெறுமையாய்ப் போகக்கூடாது என்று எங்கட அம்மாமார் கொஞ்சம் சீனியாவது போட்டு அனுப்புவார்கள். அருமையான பழக்கம், இந்த ஊரைக் கட்டிக்காத்த பழக்கம். இருந்தும், இயேசு கேட்ட விருந்து அதுவல்ல. அவர் கேட்டது திரும்பி வராத தட்டு.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் நல்ல குத்தாகக் குத்தினார். 'வேலிக்கு அப்பால் காட்டுகிற அன்பெல்லாம் ஃபேஸ்புக்குக்குத்தானே? அரிசிப் பொதி ஒன்று, அதைப் பிடிக்கப் பத்துக் கை' என்றார். ஒத்துக்கொள்கிறேன். வாங்குகிற மனிசியின் முகத்தைப் படம் எடுத்துப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கும் கோபம் வரும். ஆனால் வாங்குகிற முகத்தைப் படம் பிடிக்கவே முடியாத ஒரு தானத்தை இவர் மறந்துவிட்டார்.

முந்தி ஆஸ்பத்திரியில் எங்கட ஆளுக்கு இரத்தம் ஏற்றினால், பதிலுக்கு வீட்டார் ஒருவர் கொடுக்க வேண்டும் என்று கேட்கும் வழக்கம் இருந்தது. உறவுக்கு உறவு கொடுத்த இரத்தம் அது. 2014 முதல் இலங்கையின் இரத்த வங்கி முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையாளரையே நம்பி நடக்கிறது. கொடுக்கிறவருக்குப் பணம் இல்லை. யாருக்குப் போகிறது என்ற விபரமும் இல்லை. மூதூரிலிருந்து வந்த தாய்க்கோ, கோமரங்கடவலையிலிருந்து வந்த சிங்கள விவசாயிக்கோ, நேற்று உங்களோடு காணி எல்லைக்குச் சண்டை பிடித்தவருக்கோ, யாருக்கும் ஏறலாம். 'எங்கட ஆளுக்கு மட்டும்' என்று அந்தப் பையில் எழுதிக் கொடுக்க முடியாது. கொடுக்கிறவரின் கைமுட்டி மட்டும்தான் படத்தில் விழும், வாங்குகிற முகம் விழாது.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமியாய்க் கடல் வந்தபின் பாடசாலை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று எது உயரத்தில் நின்றதோ அதற்குள் சனம் ஓடியது. முதல் நாள் சோற்றுப் பார்சல் கொடுக்க யாரும் தயங்கவில்லை. பயம் எல்லாரையும் ஒரே வீட்டார் ஆக்கியிருந்தது. சோதனை அப்புறம்தான் வந்தது. பாடசாலை திறக்க வேண்டும், மலசலகூடம் அடைத்துவிட்டது, குழந்தைகள் இரவெல்லாம் அழுகின்றன. 'இவையள் எப்ப போவினம்?' என்று ஊர் கேட்கத் தொடங்கியது. அந்நியர் பாவப்பட்டவராக இருக்கும்வரை அன்பு சுலபம் ஐயா. அவர் தொந்தரவாக மாறிய பிறகும் வாளியோடு போய் நின்றவர்கள் இருந்தார்கள். என் அணி அவர்களுக்காகத்தான் பேசுகிறது.

வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய நல்ல சமாரியனை இரண்டு அணியும் இழுத்தாயிற்று, அவரை நான் விட்டுவிடுகிறேன். பகையாளியின் சாட்சி ஒன்று தருகிறேன். நாலாம் நூற்றாண்டில் உரோமைப் பேரரசன் ஜூலியன், கிறிஸ்தவத்தை ஒடுக்கிப் பழைய தெய்வ வழிபாட்டை நிமிர்த்தப் பாடுபட்டவன். கலாத்தியாவின் தலைமைப் பூசகருக்கு எழுதிய கடிதத்தில் அவன் ஒரு குறை சொல்கிறான்: இந்தக் கலிலேயர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, எங்கள் ஏழைகளையும் அல்லவா பார்க்கிறார்கள்! தங்கள் ஏழைகளை மட்டும் பார்த்திருந்தால் அவன் பேனாவையே எடுத்திருக்க மாட்டான்.

நமக்குத் தெரிந்த ஆள் வேண்டுமா? அமெரிக்காவில் பிறந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹீபர்ட் அடிகளார். கிழக்கில் எத்தனையோ பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். அவர் எங்களுக்கு உற்றாரா, மற்றாரா? நடுவர் ஐயாவே முடிவு செய்யட்டும்.

எதிரணித் தலைவர், 'இயேசுவும் ஒரு வீட்டு மேல்மாடியில், தன்னோடு இருந்த சீடரின் கால்களைத்தானே கழுவினார்' என்றார். ஆம் அண்ணை, ஆனால் அந்தக் கால்களில் இரண்டு யூதாசுடையவை. காட்டிக்கொடுப்பான் என்று தெரிந்தே கழுவினார். அந்த இரண்டு கால்களையும் எடுத்துவிட்டால், குரு சீடர்மேல் வைத்த பாசம் மட்டும்தான் மிஞ்சும்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரேயொரு கேள்வி. மத்தேயு 25இல் நியாயத்தீர்ப்பு நாளில் அரசர் ஒரு பட்டியல் வாசிக்கிறார்: பசித்தவன், தாகமுள்ளவன், அந்நியன், உடுப்பில்லாதவன், வியாதிக்காரன், சிறையிலிருப்பவன். அதில் மனைவி இல்லை, மகன் இல்லை, மாமியாரும் இல்லை. 'என் சகோதரர்' என்று ஒரு சொல் அங்கே இருக்கிறதே என்று எதிரணி துள்ளலாம். அது அரசருடைய சகோதரர், எங்கட வீட்டார் அல்ல. அடுத்து வருகிறவர் அந்தப் பட்டியலில் எங்கட வீட்டு ஆள் ஒருவரையாவது காட்டட்டும், நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் இருக்கிறேன்.