கந்தையும் பொன்னாடையும்

தலைவர் அவர்களே, தேர்த் திருப்பணிக் குழுப் பெரியவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, மைக்கைச் சரிசெய்து கொடுத்த தம்பி, விசிறியோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, யாராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். துணி, சாயம், கப்பல் என்று மூன்றைப் பேசுவேன் என நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள். எகிப்தில், பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் கிடைத்ததும் கந்தைதான். குஜராத்தில் அச்சுக்கட்டை வைத்துச் சாயம் தோய்த்த பருத்தித் துண்டுகள். ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் மட்டும் சுமார் 1,200 இருக்கின்றன. சிலவற்றுக்கு நம் பெரியகோயில் வயசு. சிவப்பும் நீலமும் இன்னும் தெரிகிறது.

பருத்தி சிவப்பைச் சும்மா பிடிக்காது. படிகாரம் தொட்ட இடம்தான் சாயவேர்த் தண்ணீரில் காய்ச்சும்போது சிவக்கும். நீலம் ஏறக் கூடாத இடத்தில் மெழுகு பூசி, அவுரித் தொட்டியில் முக்குவார்கள். கொள்ளிடக்கரைக் கோடாலிக்கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரண்மனைக்கு ஜரிகைச் சேலை செய்தவர்களும் இந்த மெழுகையும் சாயத்தையும்தான் நம்பினார்கள்.

இப்போது என் மச்சான் கதை. மகள் கல்யாணத்துக்கு ஒரு கடையில் (பெயர் வேண்டாம், கேஸ் போடுவார்கள்) 'இயற்கைச் சாயம்' என்று சிவப்பு அங்கவஸ்திரம் வாங்கினார். ஆனி மாதம், மண்டபத்தில் கரண்ட் இல்லை, மனுஷன் வியர்த்துக் கொட்டுகிறார், திரும்பிப் பார்த்தால் வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தக்களரி. சம்பந்தியம்மா "ஐயோ" என்று கத்த, அதைக் கேட்ட தவில்காரர் கெட்டிமேளம் கொட்டிவிட்டார், மாப்பிள்ளை இன்னும் தாலியைக் கையில்கூட எடுக்கவில்லை! அந்தத் துணியைக் கசக்கியிருந்தால் வாளிதான் சிவந்திருக்கும், கட்டுவதற்குக் கந்தை மிஞ்சியிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சற்றுமுன் அன்போடு எனக்குப் போர்த்தினீர்களே பொன்னாடை, அது பாலியஸ்டர். கோபப்படாதீர்கள். வீட்டில் இதுபோல ஒரு பீரோ நிறைய இருக்கிறது, கசக்கவும் முடியாது, கட்டவும் முடியாது. பக்கத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் கலம்காரி, அதாவது துணியில் பேனா பிடித்துச் சாயத்தால் வரையும் ஓவியம், எழுதுகிறார்கள். தேரில் குழல்போலத் தொங்கும் தொம்பையும் தேர்ச்சீலையும் எழுதிய கைகள். 2021-இல் கருப்பூர் கலம்காரி ஓவியங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீட்டைச் சட்டம் போட்டு மாட்டினால் போதுமா, ஆர்டர் வேண்டாமா? அடுத்த விழாவில் இருபது பேருக்குப் பாலியஸ்டர் போர்த்துவதைவிட நாலு பேருக்குக் கலம்காரித் துண்டு போர்த்துங்கள். எனக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தலைவர் தலையாட்டுகிறார், செயலாளர் ஐயா எழுதிக்கொள்ளுங்கள். கப்பலுக்கு நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள். அப்புறம் இன்னொன்று, முன்பணத்தோடு ஐப்பசிக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், மழை பிடித்தால் துணி காயாது.